தங்கைக்கு வரும் வெல்பேர் காசை நிறுத்தச் சொல்லலாமா?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 47, தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தங்கை கோலாலம்பூரில், செந்தூல் பக்கம் ஒரு பிபிஆர், அதாவது அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடியில் இருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர்: 13, 9, 5 வயது. தங்கையின் கணவருக்கு லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. நாளுக்கு 70 வெள்ளி, ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் போகிறார். மற்ற நாள்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம். இப்போதெல்லாம் காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது. தங்கை வாரம் ஐந்து நாள் விடியற்காலையில் ஒரு கடைக்கு நாசி லெமாக் மடித்துக் கொடுத்து நாளுக்கு 12 வெள்ளி வாங்குகிறார். பிள்ளைகளுக்காகச் சமூக நல இலாகா, அதாவது ஜேகேஎம், மாதம் 600 வெள்ளிக்கு மேல் உதவித்தொகை தருகிறது. அண்ணன் தன் பங்குக்கு மாதம் 200 வெள்ளி கொடுக்கிறார்.

"எங்கள் குடும்பத்தில் யாரும் வெல்பேரில் கை நீட்டியதில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டித்தான் அப்பா எங்களை வளர்த்தார். இப்போது என் மனைவியே, 'நம்ம வரிக்காசுல அவரு தண்ணி போடுறாரு' என்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை. போன மாதம் போனபோது டிவி மேசையில் ஒரு 555 புத்தகம் கிடந்தது. கடைப் பாக்கி 186 வெள்ளி. அரிசி, முட்டை, சமையல் எண்ணெய், பால் மாவு, மைலோ என்று எழுதியிருந்தது. கடனில் இருக்கிறவர்களுக்கு மைலோ தேவையா? சின்னவன் பிறந்தநாளுக்கு கேஎப்சி வேறு. தங்கை கையில் ஒரு நீலத் தழும்பு இருந்தது, கேட்டதற்குக் கதவு இடித்தது என்றாள்."

அவர் கேட்பது நான்கு விஷயம். ஜேகேஎம்மில் புகார் கொடுத்து உதவித்தொகையை நிறுத்தச் சொன்னால் மாப்பிள்ளைக்குப் புத்தி வருமா? தான் கொடுக்கும் 200 வெள்ளியையும் நிறுத்தலாமா? மாப்பிள்ளையைப் பிடித்து ஏதாவது மையத்தில் போட முடியுமா? முடியாவிட்டால், தானே கிள்ளானுக்குக் கூட்டிவந்து ஒரு வாரம் அறையில் பூட்டிவைத்துக் குடியை மறக்கடிக்கலாமா?

ஐயா,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் தங்கைப் பாசம்தான் அதிகம். இல்லாவிட்டால் நான்கு பக்கம் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் அந்த நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் காசைப் பற்றி இருக்கிறது. தங்கையின் கையைப் பற்றி ஒரே ஒரு வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் காசைப் பேசிவிடுவோம், உங்கள் மனசு அங்கேதான் நிற்கிறது.

555 புத்தகத்தில் என்ன இருந்தது

நீங்கள் கண்ணால் பார்த்து எழுதிய பட்டியலை நான் இரண்டு தடவை படித்தேன். அரிசி, முட்டை, எண்ணெய், பால் மாவு, மைலோ. அதில் ஒரு பாட்டில்கூட இல்லை. வெல்பேர் காசில் குடி நடக்கிறது என்பதற்கு ஆதாரமாக அந்தப் புத்தகத்தைக் காட்டுகிறீர்கள். எனக்கோ ஒரு தாய் என்ன பாடுபட்டாவது பிள்ளைகளின் வயிற்றைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது தெரிகிறது. காலையில் ஒரு கப் மைலோ குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிற பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்காது. அந்த மைலோவை உங்கள் தங்கை கடன் சொல்லி வாங்கியிருக்கிறார் என்றால், அதற்கு அவரைத் தட்டிக்கொடுக்க வேண்டும். கேஎப்சியும் அப்படித்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வருஷத்தில் ஒரு நாள்.

2018-இல் யுனிசெஃப் கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஓர் ஆய்வு செய்தது. அங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற வீடுகள் அவை. உங்கள் தங்கை வாங்கும் முட்டையையும் பால் மாவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், ஒரு கணக்கு. உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை வைத்தே போட்டேன். உங்கள் மாப்பிள்ளை நாளையிலிருந்து ஒரு சொட்டும் தொடாமல் வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஏறக்குறைய 1,820 வெள்ளி. தங்கையின் நாசி லெமாக் கூலி 260 சொச்சம். மொத்தம் 2,080 வெள்ளி. அரசாங்கம் 2022-க்கு அறிவித்த வறுமைக்கோட்டு வருமானம் சராசரிக் குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. ஆக, குடி அடியோடு போனாலும், உழைத்து வரும் காசை மட்டும் பார்த்தால் அந்த வீடு வறுமைக்கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

"குடித்தார், அதனால் ஏழையானார்கள்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். குடி அந்த வீட்டு வறுமையை ஆழமாக்கியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் நாள் கூலி 70 வெள்ளி என்பதும், லீவுக்குச் சம்பளம் இல்லை என்பதும் சம்சு செய்த வேலை அல்ல. நாட்டின் கணக்கே நீண்ட காலம் இதைக் குறைத்துத்தான் காட்டியது. வறுமைக்கோடு 980 வெள்ளியில் நின்றிருந்தது. 2019-இல் வறுமை பற்றிய ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, அந்தக் கணக்கு நடப்புக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டுதான் அது 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது.

"வரிக்காசுல தண்ணி" என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. ஏழைகளுக்குக் கையில் காசு கொடுத்தால் குடிக்கும் சிகரெட்டுக்கும் போய்விடுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளை டேவிட் எவான்ஸ், அன்னா பொபோவா என்ற இருவர் 2014-இல் உலக வங்கிக்காகத் தொகுத்துப் பார்த்தார்கள். உதவிப் பணம் வந்ததால் குடிச் செலவு கூடவில்லை என்பதுதான் பொதுவாகக் கிடைத்த முடிவு, பல இடங்களில் குறைந்தும் இருந்தது. நீங்களே கடிதத்தில், வாரக் கடைசியில் இரண்டு பீர் குடிப்பேன், அது என் சொந்தக் காசு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. உங்கள் மாப்பிள்ளையும் பெரும்பாலும் தன் கூலியில்தான் குடிக்கிறார் என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. வேலை இல்லாத நாளில் எங்கிருந்து காசு வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அது நம்மை ஏடிஎம் கார்டுக்குக் கொண்டுபோகும்.

புகாரா, கார்டா?

புகார் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்த உதவித்தொகை பிள்ளைகளின் பெயரால் வருவது. குடும்பத்தின் வருமானத்தையும் பிள்ளைகளின் தேவையையும் பார்த்துக் கொடுப்பது. அப்பா ஒழுங்காக நடந்தால் தருகிற பரிசு இல்லை. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் மாதம் 1,000 வெள்ளி என்று வரம்பும் உண்டு. அதை நிறுத்தினால் முதலில் அடிபடுவது யார்? சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் வீட்டில் இதுதான் நடந்தது. சொந்தக்காரர் ஒருவர் எழுதிப்போட்டு விசாரணை வந்து, சில மாதங்கள் பணம் நின்றது. அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அவரு குடிய நிறுத்தல சார். நான்தான் பையனோட ஸ்கூல் பஸ்ஸ நிறுத்துனேன்."

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கோபத்துக்குப் பயந்து தங்கை உங்களிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார். அந்த வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்ல அவருக்கு இருக்கிற ஒரே வாசல் நீங்கள்.

ஆனால் ஒன்று செய்யலாம். பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, கார்டு யார் கையில் இருக்கிறது என்று தங்கையிடம் தனியாகக் கேளுங்கள். கார்டு கணவரிடம் இருந்தால், அல்லது ரகசிய எண் அவருக்குத் தெரிந்தால், பேங்க்கில் எண்ணை மாற்றலாம். கணக்கே கணவர் பெயரில் இருந்தால், தங்கை மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போய், பணத்தைத் தன் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். அதிகாரியிடம் கணவரின் குடியை மறைக்க வேண்டியதில்லை. வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் அதையும் மறைக்கக் கூடாது. உதவி கேட்டுச் சொல்வது வேறு, காட்டிக்கொடுப்பதற்காகச் சொல்வது வேறு, ஒரே விவரமாக இருந்தாலும்.

மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், வருகிற சாரா என்ற அரசாங்க உதவியைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். அது பதிவு பெற்ற கடைகளில் அடிப்படைப் பொருள்களுக்கு மட்டுமே செல்லும். ஆனால் தங்கையின் மைகார்டு தங்கையிடமே இருக்கட்டும்.

உங்கள் 200 வெள்ளியை நிறுத்தாதீர்கள். கொடுக்கும் விதத்தை மாற்றலாம். பிபிஆர் வாடகை 124 வெள்ளியை நீங்களே நேரடியாகக் கட்டிவிடுங்கள். தலைக்கு மேல் கூரை நிச்சயம் என்று தெரிந்தால் தங்கை கொஞ்சம் மூச்சு விடுவார். மீதியை அந்த மளிகைக் கடைக்காரரிடம் பாக்கிக்குக் கொடுங்கள். தங்கையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்காமல் செய்தால் அதுவும் ஒரு அவமானம்தான்.

பிடித்துப் போடுவதும் பூட்டிவைப்பதும்

ஏஏடிகே என்ற தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் சொன்னால் ஆள் வந்து பிடித்துப்போவார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த நிறுவனம் அடிப்படையில் போதைப்பொருள் பழக்கத்துக்கானது. ஒருவர் குடிக்கிறார் என்பதற்காக மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கவும் முடியாது. குடிக்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒருவரை மனநோயாளியாகக் கொள்ளக்கூடாது என்று 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. அவர் சம்மதத்தோடுதான் சிகிச்சை தொடங்க வேண்டும்.

பூட்டிவைக்கும் யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. இந்த நிலையில் இருக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வாக்கில் கடுமையான குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், இதயம் படபடவென்று அடிப்பது என்று வரலாம். மருத்துவம் இல்லாவிட்டால் உயிரே போகும். பூட்டிய அறைக்குள் அது நடந்தால் உங்கள் நிலைமை என்ன? அவர் பிள்ளைகளின் நிலைமை என்ன?

நான்கு ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருந்தார், இப்போது மட்டும் ஏன் முடியாது என்று கேட்கிறீர்கள். அன்றைக்குக் கை நடுக்கம் இல்லையே. நோய் அதற்குப் பிறகு முற்றியிருக்கிறது. ஆனாலும் அந்த 48 நாளை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நிறுத்த வேண்டும் என்ற ஆசை அந்த மனிதருக்குள் இருந்தது, பத்துமலைப் படி ஏறி அதைக் காட்டினார். நாற்பத்தொன்பதாம் நாள் அவரைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். "நீங்க குடிகாரன்" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திவிடும். "அந்த வருஷம் எப்படி இருந்தீங்க மாப்ள, பிள்ளைங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க" என்று ஆரம்பியுங்கள். குடித்திருக்கும்போது வேண்டாம். வேலைக்குப் போகிற நாளில், காலையில் பேசுங்கள்.

சம்மதித்தால் முதல் படி அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக், கிளினிக் கெசிஹாத்தான். மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு வெள்ளிதான். நடுக்கத்தைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனைக்கு எழுதித் தருவார். குடியை இறக்கும் நாள்களில் வலிப்பைத் தடுக்க மருந்து உண்டு, வைட்டமின் பி1 கொடுப்பார்கள். பிறகு குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. எது அவருக்குப் பொருந்தும், எது இங்கே கிடைக்கும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருந்தோடு பேச்சுத் துணையும் வேண்டும். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் கோலாலம்பூரிலும் நடக்கின்றன, காசு கேட்க மாட்டார்கள். மறுபடி ஒரு தடவை குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். சர்க்கரை ஏறி இறங்குகிற மாதிரிதான், திரும்பக் கூட்டிப்போக வேண்டும்.

அதுவரை ஓர் எச்சரிக்கை. லேபிள் சரியில்லாத மலிவுச் சரக்கை அவர் தொடக்கூடாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் செத்தார்கள், மலிவாகக் கிடைத்ததை வாங்கிக் குடித்த தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். குடித்த பிறகு கண் மங்கினால், மூச்சு வாங்கினால், தூங்கட்டும் என்று விடாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர் என்றதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கூலி வாங்கிய கையோடு நம் ஆள்களை அங்கே போகவிட்ட காலம் ஒன்று இருந்தது. 1946, 47-இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளை எதிர்த்து அந்தக் கடைகளின் முன்னால்தான் போய் நின்றது. உங்கள் மாப்பிள்ளையின் குடிக்கும் உங்கள் தாத்தா காலத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. அவரை மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு தனி ஆளின் குணக்கேடு என்று மட்டும் பார்த்தால் நமக்கு வழி எதுவும் தெரியாது.

அந்த ஒரு வரி

"கதவு இடித்தது" என்ற பதிலை நான் இந்த வேலையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சில சமயம் உண்மையிலேயே கதவுதான். பல சமயம் இல்லை. உங்கள் தங்கை விஷயத்தில் எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால் கேட்க வேண்டும். மனைவியோடு போனால் நீங்கள் பிள்ளைகளைக் கீழே கூட்டிக்கொண்டு போங்கள், அண்ணியும் நாத்தனாரும் தனியாகப் பேசட்டும். "அவர் அடிக்கிறாரா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "ராத்திரியில பயமா இருக்கா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

அடி இருக்கிறது என்றால், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இது முந்திக்கொள்கிறது. 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் உங்கள் தங்கையையும் பிள்ளைகளையும் காக்கிறது. அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று உண்டு. அதைச் சமூக நல அதிகாரியே தரலாம், ஏழு நாள் செல்லும், போலீஸ் புகார் முதலில் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குள் போலீசிலும் நீதிமன்றத்திலும் அடுத்த பாதுகாப்புக்கு விண்ணப்பிக்கலாம். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவில் அதைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். எந்த நேரமும் 15999 என்ற எண்ணில் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசிக்கு அழைக்கலாம். நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் புகார் எழுத நினைத்தீர்களோ, அதே அலுவலகம்தான் அந்த ராத்திரியில் அவருக்கு உதவும். இதனால்தான் தங்கைக்கு ஜேகேஎம் மேல் பயம் வந்துவிடக்கூடாது என்று சொன்னேன்.

மூத்த பெண்ணைக் கிள்ளானுக்குக் கூட்டிவந்து வளர்க்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். பள்ளி விடுமுறைக்குக் கூட்டிவாருங்கள், நல்லது. ஆனால் 13 வயதுப் பெண் அந்த வீட்டில் அம்மாவுக்கு ஒரு துணையாகவும் இருக்கலாம். அம்மாவையும் பெண்ணையும் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். பிரிந்து வாழ்வதென்று தங்கை தீர்மானித்தால் ஜீவனாம்சம் கேட்கச் சட்டம் இருக்கிறது, அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம். நாள் கூலிக்காரரிடமிருந்து அதை வசூலிப்பது லேசில்லை. ஆனால் அந்த முடிவு தங்கையுடையது, உங்களுடையதோ என்னுடையதோ அல்ல.

இந்த ஞாயிறு செந்தூலுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். கார்டையும் வாடகையையும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தக் கையைப் பற்றிக் கேளுங்கள். தங்கை என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.